கேசிங் இறக்கிய வயிறு

என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய், அறுத்து எடுக்க வழியில்லை என்று சேலத்து டாக்டர் சொன்னபோது அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், ஒரு நர்ஸ், நான், என் கணவரின் அக்கா. நோய் யாருக்கு வந்திருந்ததோ அந்த மனிதர் மட்டும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் சீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "பேஷண்ட் வெளியில உட்காரட்டும், கூட வந்தவங்க மட்டும் வாங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்து சொன்னதும், அதில் தப்பு ஒன்றும் தெரியாமல் நாங்கள் இருவரும் எழுந்து உள்ளே போய்விட்டோம். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த நாற்காலியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபத்தெட்டு வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவர். வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் வண்டியோடு கிடப்பார். மழை பிடித்தால் மல்லசமுத்திரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவார். நான் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். சாப்பிட மறுக்கிற குழந்தையைச் சாப்பிட வைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவேன். எடை குறைந்த குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பேன். என்னிடம் சாப்பிடாத குழந்தை இல்லை என்று பேரெடுத்தவள் நான்.

அந்த வருஷம் மழைக்கு வந்தவர் வயிறு உப்புசம் என்றார். மருந்துக் கடைக்காரர் கேஸ் மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டில் ஓமம் என்றார்கள், எதிர்வீட்டில் சீரகத் தண்ணீர் என்றார்கள். மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு வாந்தி. சும்மா வாந்தி இல்லை, நேற்றுக் காலையில் தின்ற இட்லி இன்று சாயங்காலம் அப்படியே வெளியே வரும். முப்பது மணி நேரம் ஒரு இட்லி வயிற்றில் சும்மா உட்கார்ந்திருக்குமா என்று எனக்கும் தோன்றவில்லை, மருந்துக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்ட ஆரம்பித்த பிறகுதான் சேலத்துக்குப் போனோம்.

வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலை ஒரு கட்டி அடைத்திருந்தது. கேமராவே அதைத் தாண்டவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, தேங்கிக் கிடந்ததையெல்லாம் நான்கு நாள் வடிய விட்டார்கள். சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார்கள். எல்லா முடிவும் வந்த பிறகுதான் எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் நல்லவர், பொறுமையாகவே சொன்னார். "கல்லீரலுக்கும் போயிருக்குங்க. பின்னாடி ரத்தக் குழாய்லயும் ஒட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியாது. மருந்து ஏத்தற அளவுக்கும் அவர் உடம்புல தெம்பு இல்லை. இப்ப நம்மளால முடிஞ்சது, அந்த அடைப்புல ஒரு கம்பி வலைக் குழாய் வைக்கறது. வயித்தைக் கிழிக்க வேண்டாம், கேமரா வழியாவே வெச்சுரலாம். நோய் போகாது. வாந்தி நிக்கும். கொஞ்ச நாளைக்கு வாயால சாப்பிடலாம்."

நோய் போகாது, வாந்தி நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்து அவரிடம் சொல்லியிருந்தால் இதை எழுதுகிற வேலையே எனக்கு இல்லை.

வெளியே வந்ததும் நங்கையா என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போனார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். அழுதுகொண்டே என் தாலிக்கொடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அவங்கிட்டச் சொல்ல மாட்டேன்னு இது மேல சத்தியம் பண்ணு அம்மிணி. கேட்டான்னா மனசொடிஞ்சே போயிருவான் என்ற தம்பி."

"எப்படிங்க நங்கையா சொல்லாம இருக்கறது?"

"புண்ணுன்னு சொல்லு. வயித்துப் புண்ணு, ஆறிப்போயிரும்னு சொல்லு."

சத்தியம் செய்தேன். யார் சாகப்போகிறாரோ அவர் கட்டிய தாலியின் மேலேயே, அவரிடம் பொய் சொல்வதாகச் சத்தியம். இதில் இருக்கிற கூத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை. அழுகிற நங்கையாவை அங்கிருந்து நகர்த்தினால் போதும் என்றிருந்தது.

புண் என்றே சொன்னோம். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். அவர் தலையை ஆட்டிவிட்டு வார்டுக்கு வந்து, ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, வீங்கிய இடத்தைக் காட்டி, அதற்குள் குழாய் எப்படி விரிந்து நிற்கும் என்று இவருக்கு விளக்கினார். இவர் தாளை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"கேசிங்குங்க டாக்டர்."

"என்னது?"

"போர் போடறப்ப மேல் மண்ணு பொலபொலன்னு சரிஞ்சு குழிக்குள்ள உளுகுமுங்க. அதுக்குப் பைப்பு எறக்குவோம். கேசிங்குன்னு சொல்றதுங்க. அது பாறையில போயி உக்காந்துருச்சுன்னா அப்புறம் அந்தப் போரு ஆயுசுக்கும் மூடாதுங்க."

"அதேதான், கரெக்டா புடிச்சுட்டீங்க" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார். அதேதான் இல்லை. மண் வளராது, கட்டி வளரும். வலையின் ஓட்டை வழியாகவே அது உள்ளே புகுந்து மறுபடி அடைக்கலாம் என்று சற்று முன்னால் இதே டாக்டர்தான் எங்களிடம் சொன்னார். சத்தியம் பண்ணிய வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து என் கணவர், கேசிங் இறக்கிய போர் ஒன்று தன் வயிற்றில் இருப்பதாக நம்ப ஆரம்பித்தார்.

குழாய் வைத்தது அரை மணி நேர வேலை. மூன்றாம் நாள் மோர் குடித்தார். வாந்தி இல்லை. நான்காம் நாள் இளநீர், அரிசிக் கஞ்சி. வாந்தி ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போய் உள்ளேயே நின்றது. நான் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் குழாயை நான் குறை சொல்லவே மாட்டேன். அது செய்ய வேண்டியதைச் செய்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். கீரை, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளை, சப்பாத்தி, ரொட்டி, கறித்துண்டு எதுவும் கூடாது, நாரும் கட்டியும் குழாயில் சிக்கிக்கொள்ளும். எதுவானாலும் மிக்சியில் அடித்து வடிகட்டித்தான் தர வேண்டும். ஒரே வேளையில் நிறைய வேண்டாம், ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டினேன். அதை அந்த வீட்டில் படித்த ஒரே ஆள் நான்தான்.

நோயாளியைப் பார்க்க வருகிற சாக்கில் எங்கள் சனம் பண்ணுகிற அழிச்சாட்டியத்தை எங்கே போய்ச் சொல்ல? கையை வீசிக்கொண்டு வரக்கூடாதாம். ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட், ஆளுக்கொரு சீப்புப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில். மேசையில் இடமில்லாமல் தையல் மிஷின் மேல் அடுக்கினேன். கொண்டு வந்ததோடு விட்டார்களா? தங்கள் கண்ணெதிரே அவர் ஒரு வாய் தின்ன வேண்டும். தின்றால்தான் அவர்களுக்கு மனசு ஆறும்.

"ஒரு சுளை சாமி, ஒரே ஒரு சுளை. நாங்க இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"கூடாதுங்க, குழாயில சிக்கிக்கும்" என்பேன்.

"இவொ ஒருத்தி, டாக்டராட்டப் பேசறா. தின்னாத்தானே ஒடம்புல புடிக்கும்?"

அவர் ஒருவர் மனசையும் நோகடிக்க மாட்டார். சுளையை வாங்கி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருப்பார். அவர்கள் போனதும் சக்கையைத் துப்பி என்னிடம் நீட்டுவார். வருகிறவர்களிடமெல்லாம் "கேசிங் எறக்கியாச்சுங்க, இனி தெம்பேத்திட்டு வண்டிக்குக் கெளம்ப வேண்டியதுதான்" என்பார். வந்தவர்களுக்கு உண்மை தெரியும். நங்கையா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார், தம்பியைத் தவிர. அத்தனை பேரும் "ஆமாமா, அதுக்கென்ன, நல்லாச் சாப்பிடு" என்று தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போனதும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் குமாரபாளையத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். முதல் கேள்வி, அப்பா சாப்ட்டீங்களா. இரண்டாவது கேள்வி, எவ்வளவு சாப்ட்டீங்க. பால்காரர் சாப்ட்டாச்சுங்களா என்பார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்கூடச் சாப்ட்டீங்களா என்றார். நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற கேள்வியே அது ஒன்றுதான். சாப்பிட முடியாத ஒரு மனிதரிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைக் கேட்கிறோம் என்று அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

மற்றவர்களைச் சொல்வானேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஆறு வேளையும் அலாரம் வைத்தேன். சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டி, பருப்புத் தண்ணீரில் நெய் விட்டு, முட்டையை அரைவேக்காட்டில் அடித்து, ஸ்பூனோடு எதிரில் உட்காருவேன். வேண்டாம் என்று வாயைச் சுளித்தால், "இன்னும் மூணே மூணு ஸ்பூனுங்க" என்பேன். மூன்று ஆனதும் "கடைசி ரெண்டு" என்பேன். இதெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகளிடம் நான் காட்டுகிற வித்தை. சனிக்கிழமை மதியம் குழந்தைகள் போன பிறகு அவரை மையத்துக்கே நடத்திக் கூட்டிப்போய், கர்ப்பிணிகளுக்கு வைத்திருக்கும் எடை மிஷினில் ஏற்றுவேன். ரிக் வண்டியின் இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டிய மனிதர், சுவரில் மயிலும் மாம்பழமும் வரைந்த அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைத் தொங்கப் போட்டு நிற்பார்.

"எத்தனை புள்ளே?"

"அம்பதரை."

"போன வாரம்?"

"அம்பத்தொண்ணு."

ஒவ்வொரு வாரமும் அரைக் கிலோ, முக்கால் கிலோ இறங்கும். நான் உதட்டைப் பிதுக்குவேன். எடை குறைந்த குழந்தையின் அம்மாவைப் பார்க்கிற அதே பார்வை. "சாப்பிட்டாத்தானே?" என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டைப் பூட்டுவேன். நோய் போகாது என்று என் காதால் கேட்டவள் நான். இருந்தும், எடை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே எப்போது நம்ப ஆரம்பித்தேனோ தெரியவில்லை.

இடையில் ஒரு சண்டை. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி இருக்கிறது என்று அவர் பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். "ஃப்ளஷிங் புள்ளே. போர்ல மண்ணு நின்னா கம்ப்ரசர் காத்த அடிச்சுத்தான் வெளிய தள்ளுவோம்." நான் பாட்டிலைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். ஆத்திரம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸிடம் புகார் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, சாப்பிட்ட பிறகு கொஞ்சமாகச் சோடா குடிப்பது குழாய்க்கு நல்லதுதான் என்றாள். இவர் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லி மாளாது.

ஆறாவது வாரம் நங்கையா கிடா வெட்டினார். குழாய் வைத்து வாந்தி நின்றால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தாராம். சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் கோயில். நாற்பது பேர், இரண்டு வேன். பத்து நாள் முன்னாலிருந்தே நங்கையாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்குக் கறி கூடாது, வேண்டுமானால் ரசத்தை வடிகட்டி ஒரு டம்ளர் தரலாம் என்று. சரி அம்மிணி, சரி அம்மிணி என்றார். பந்தி போட்டதும் அவருக்கான கஞ்சி பிளாஸ்கை எடுக்க நான் வேனுக்குப் போனேன். வேன் தள்ளி நின்றது. போய்த் திரும்ப எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம்.

வந்து பார்த்தால் அவர் இலையில் சோறு, குழம்பு, கறி. நங்கையா பக்கத்தில் நின்று நல்லி எலும்பைத் தட்டி வைக்கிறார். இவர் குனிந்த தலை நிமிராமல் வேக வேகமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறார். மெல்லுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

"சாமிக்கு வெட்டுனது அம்மிணி, வேண்டாங்கக் கூடாது" என்றார் நங்கையா.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. நங்கையாவை எதுவும் சொல்ல முடியாது, வயதில் பெரியவர். எல்லாம் இவர் மேல் பாய்ந்தது.

"நாக்க அடக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு? என்ற சென்டர்ல இருக்கற மூணு வயசுக் கொழந்தைக்கு இருக்கற புத்தி இல்லையா? தெனமும் ஆறு வேளை வடிகட்டி வடிகட்டி ஊத்தறேனே, நான் என்ன பைத்தியக்காரியா?"

நாற்பது பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினார், இலையை மூடினார், எழுந்து கை கழுவப் போனார். வீடு வந்து சேரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. தின்னிப் பண்டாரம் என்று மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன். அப்படி நினைத்ததை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை. மறுபடி சேலம், மறுபடி மூக்கில் குழாய், மறுபடி கேமரா. வலைக் குழாயின் வாயில் கறி நார் உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார்.

"படிச்சவங்கதானே நீங்க? தாள் குடுத்தோமே?"

"குடுத்தீங்க."

"அடைப்பை எடுத்தாச்சு. ஆனா கட்டியும் வலைக்குள்ள வளர ஆரம்பிச்சிருச்சு. இன்னொரு குழாய் உள்ள வைக்கலாம். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். இனி போற வரைக்கும் போகட்டும். சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க. இந்த நோயில பசியே இருக்காது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது."

"பசியே இருக்காதுங்களா?"

"இருக்காது. அவருக்கு விஷயம் தெரியும்தானே?"

"தெரியாதுங்க. புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கறோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாட்டி எப்படிங்க அவர் நாம சொல்றதைக் கேப்பாரு? ஆறு வாரமாச்சே, சொல்லியிருக்கலாம்ல?"

என் கணவரை வெளியே உட்காரச் சொன்னது இதே அறையிலிருந்துதான். புண் என்று நாங்கள் சொன்னபோது தலையாட்டியதும், கேசிங் என்றபோது தோளைத் தட்டியதும் இந்த டாக்டர்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வயிற்றில் குழாய் வைக்க இவர்தான் மறுபடி வர வேண்டும் என்பதால் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வார்டில் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலை பத்து மணி வெயில் காலடியில் விழுந்திருந்தது. மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"கிளீன் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப நாளைக்கு இருந்து சாப்பிடலாமா? ரெண்டு கிலோ எறங்கியிருக்கும். ஏத்திப்போடலாம் புள்ளே, நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

எது என்னை உடைத்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் மேல் இருந்த கோபம், நங்கையா மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பதமாகச் சொல்ல வேண்டிய ஒன்றைத் திட்டுகிற குரலில் சொன்னேன்.

"என்னத்த ஏத்தறது? புண்ணு இல்லீங்க அது. கேன்சரு. கல்லீரலுக்கும் போயிருச்சு. எடுக்க முடியாதுன்னு மொத நாளே சொல்லிப்போட்டாங்க. அந்தக் கொழா வாந்தி நிக்கறதுக்கு, சீக்கு போறதுக்கு இல்ல. உங்கக்கா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. எல்லாத்துக்குந் தெரியும், உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. போதுமா?"

பக்கத்துக் கட்டில்காரர் மனைவி தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எத்தனை நாள் என்று கேட்டார்.

"தேதி சொல்லலீங்க. மாசக் கணக்குத்தான் போல."

"ம்."

என் பக்கம் திரும்பி, "அப்ப எடை ஏறாதா?" என்றார்.

"ஏறாதுங்க."

"எத்தனை தின்னாலும்?"

"எத்தனை தின்னாலும்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் என் மேல் உண்மையாகக் கோபப்பட்டது நாலைந்து தடவைதான் இருக்கும்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைஞ்சிருந்தா அந்தக் கறிய நான் எதுக்குப் புள்ளே திங்கறேன்?"

"என்னங்க சொல்றீங்க?"

"நான் என்ன நாக்கு ருசிக்கா தின்னேன்? வாயில வெச்சா மண்ணாட்டந்தான் இருக்குது. கஞ்சியும் அப்படித்தான், கறியும் அப்படித்தான். சனிக்கெழம சனிக்கெழம அந்த மிஷின்ல ஏத்திப்போட்டு நீ மூஞ்சியச் சுளிக்கற. ஒரு கிலோவாவது ஏத்திக் காட்டிப்போடலாம்னு, மெல்லாம அள்ளி அள்ளி முழுங்குனேன். கறி தின்னா ஏறும்னு அக்கா சொல்லுச்சு. நீ நாப்பது பேருக்கு முன்னால நாக்க அடக்கத் தெரியாதவன்னு கேக்கற."

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சு வாங்கியது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். உயிர் போய்விட்டதோ என்று பயந்து நான் குனிந்தபோது கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி லீவில் ஊருக்கு வருகிற முதல் நாள் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"அப்ப இனி நான் சாப்பிட வேண்டியதில்லையா?"

"இல்லீங்க. வேணும்னாச் சாப்பிடுங்க. வேண்டாட்டி வேண்டாம்."

"அலாரம்?"

"இனி வைக்கல."

அவர் நீளமாக மூச்சு விட்டார். சாகப்போகிறாய் என்று சொல்லக் கேட்டவர் அவர். அழுததென்னவோ நான்தான்.

மதியம் நங்கையா வந்தார். கையில் நாலடுக்குக் கேரியர். மூக்கில் குழாய் இருக்கிறதே, இப்போது எதற்கு என்று யாராலும் அவரிடம் கேட்க முடியாது. கேரியரைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவரே சொன்னார், "அக்கா, கேன்சருன்னு சொல்லிப்போட்டா." நங்கையா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தாலி மேல சத்தியம் பண்ணுனியே, பாவி" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னதுதான் நல்லதாப் போச்சு" என்றார் இவர்.

நங்கையா அழுது ஓய்ந்தார். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், கேரியரின் மேல் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து நெய் விட்டிருந்தார்.

"குழாய எடுத்ததும் ஒரே ஒரு வாய் சாமி. அக்காளுக்காக."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் நிறைய அடக்கி வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், டீச்சர் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று பார்க்கிற குழந்தையின் பார்வை. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பார்வைக்கு நான் சொன்னது ஒரே பதில்தான், இன்னும் ஒரு வாய்.

நங்கையாவின் கையிலிருந்து தட்டை வாங்கினேன்.

"விடுங்க நங்கையா. அவருக்குப் பசிக்கல."